திங்கட்கிழமைக்குக் காத்திருப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி ஆனதும் நம்மில் பலருக்கு மனத்தில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துவிடும். மறுநாள் திங்கள். மின்னஞ்சல், கூட்டம், நெரிசலான எம்ஆர்டி. ஆனால் இதே ஊரில், திங்கட்கிழமை எப்போது வரும் என்று நாள் எண்ணும் சில இளையர்களும் இருக்கிறார்கள்.

நீங்களும் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. எப்போதும் இருவராகத்தான் வருவார்கள். மார்மன் சமயத் தொண்டர்கள் என்றால் எல்லாருக்கும் புரியும். 1830ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். 2018லிருந்து 'மார்மன்' என்ற பெயரையே தவிர்க்கும்படி சபைத் தலைமை கேட்டு வருகிறது. உலகம் முழுவதும் இப்படி 70,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மாலை மழைக்கு ஒதுங்கி நின்ற இருவரைச் சந்தித்தேன். அவர்கள் வாய் திறக்குமுன் "நாங்கள் இந்து, வேண்டாம் தம்பி" என்று கும்பிட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த பேரங்காடிப் பைகளை வாங்கி மின்தூக்கி வரை கொண்டுவந்து வைத்தார்கள். மனம் கேட்கவில்லை. காப்பிக்கடையில் தே தாரிக் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். தேநீர், காப்பி, மது, புகை எல்லாவற்றுக்கும் அவர்கள் சமயத்தில் தடையாம். கடைசியில் மைலோ பெங்கில் சமாதானம் ஆனோம்.

நான் அவர்களை உட்கார வைத்ததற்குக் காரணம் சமயம் அல்ல. என் மகன் அப்போது தேசிய சேவையில் இருந்தான். இவர்களுக்கும் அதே வயது, அதே ஈராண்டு. என் மகனாவது வாரக் கடைசியில் அழுக்குத் துணியோடு வீடு வந்துவிடுவான். இவர்கள் புறப்பட்டால் ஈராண்டு முடியும்வரை வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

ஆண்கள் 18 வயதில் புறப்படலாம். 2012க்கு முன் 19 ஆக இருந்தது. பெண்களுக்குச் சேவைக்காலம் 18 மாதம். எந்த நாட்டுக்குப் போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சம்பளமும் இல்லை. அமெரிக்கக் குடும்பம் என்றால் மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். பிள்ளை தோக்கியோவுக்குப் போனாலும் பெருவில் ஒரு மலைக்கிராமத்துக்குப் போனாலும் அதே தொகைதான். பல பிள்ளைகள் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில்தான் கிளம்புகிறார்கள். புறப்படுமுன் பயிற்சி நிலையத்தில் சில வாரம் தங்கி, போகிற நாட்டு மொழியை நெட்டுருப்போடுகிறார்கள். போன பிறகு அவர்களுக்கு முதற்பெயர் இல்லை. 'எல்டர்' என்ற பட்டத்தோடு குடும்பப் பெயர் மட்டும். எல்டர் என்றால் மூத்தவர். மீசை கூட ஒழுங்காக முளைக்காத பையனுக்கு மூத்தவர் பட்டம்!

காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், தனியாகப் படிப்பு, பிறகு இருவரும் சேர்ந்து படிப்பு. பத்து மணிக்கு வெளியே. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். இந்த நேரங்கள் இடத்துக்கு இடம் சற்று மாறும். காதல், தொலைக்காட்சித் தொடர், இஷ்டப்பட்ட சினிமா எதுவும் கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உண்ணாமல் இருந்து, அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுப்பது சபையில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. மண்டலம் ஈராண்டு நீள்வதுதான் புதிது.

அந்த ஈராண்டில் வாரத்துக்கு ஒரு பகல் மட்டும் சொந்த வேலைக்கு. பெரும்பாலும் அது திங்கட்கிழமை. துணி துவைப்பது, முடி வெட்டுவது, மளிகை வாங்குவது, நேரம் இருந்தால் கூடைப்பந்து. மாலை ஆறு மணிக்கு மீண்டும் டை ஏறிவிடும். அந்தப் பகலில்தான் வீட்டுக்குப் பேசலாம். 2019 பிப்ரவரிக்கு முன் அதுவும் இல்லை. வாரம் ஒரு மின்னஞ்சல், தொலைபேசி அழைப்பு ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

"இதில் எது கஷ்டம்? கதவைத் தட்டினால் மூஞ்சியில் அடித்தாற்போல் மூடுகிறார்களே, அதுவா?" என்று கேட்டேன். சற்று உயரமான பையன் தலையை ஆட்டினான். அது ஒரு மாதத்தில் பழகிவிடுமாம். பக்கத்தில் இருந்தவனைக் காட்டி, "இவர்தான்" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் உண்மை. கூட்டாளியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான தலைவர் இணைத்து வைக்கிறார். குளியலறை நேரம் போக, ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். உறங்குவதும் ஒரே அறையில், தனித்தனிக் கட்டிலில். யூட்டாவின் பண்ணை வீட்டுப் பையனும் மணிலாவின் நெரிசலில் வளர்ந்த பையனும் இப்படி மாட்டிக்கொள்ளலாம். ஒருவன் சோறு இல்லாமல் சாப்பிட மாட்டான், மற்றவன் குறட்டை விடுவான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். பெட்டி கட்டச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வாரத்தில் ஒருநாள் அடுத்த வாரத்துக்குத் திட்டம் போட உட்காருகிறார்கள். யாரைப் பார்ப்பது, எங்கே உதவப் போவது என்றெல்லாம் பேசி முடித்த பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர், நம் இருவருக்குள் எது நன்றாக இருக்கிறது, எது உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சரிசெய்வது என்றும் அங்கேயே பேசிவிட வேண்டும். சண்டை வந்தால்தான் என்று இல்லை. சண்டை இல்லாத வாரத்திலும் உண்டு.

முதல் தடவை தனக்கு வாயே வரவில்லை என்றான் குட்டையான பையன். கூட்டாளி தன்னைக் குறை சொல்வான் என்றுதான் பயந்தானாம். ஆனால் அவன் சொன்னது, "நீ எப்போதும் வேகமாக நடக்கிறாய், நான் பின்னால் ஓடி வருகிறேன்." இரண்டு மாதமாக ஒருவன் ஓடிக்கொண்டிருந்தது மற்றவனுக்குத் தெரியவே இல்லை.

எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கதவைத் தட்டிச் சமயம் பேசுவது எனக்கு இன்றும் உவப்பில்லை. பல இனம், பல சமயம் வாழும் நம் ஊரில் அதற்கு எல்லை வேண்டும். உடல்நலமோ மனநலமோ கெட்டு, பாதியில் வீடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு. பெட்டியோடு முன்கூட்டியே வந்து இறங்குபவனை அவன் ஊரார் பார்க்கும் பார்வை லேசானதல்ல. கடமை என்று ஒரு சமூகமே எதிர்பார்த்து நிற்கும்போது, போகமாட்டேன் என்று 18 வயதுப் பையன் சொல்வது எளிதா?

மழை விட்டது. மைலோவுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். உயரமான பையன் இரண்டடி போய் நின்று, மற்றவன் வந்து சேர்ந்த பிறகு நடந்தான்.

அந்தச் சனிக்கிழமை என் மகன் முகாமிலிருந்து வந்தான். மீன் குழம்பு ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டேன். "என்னிடம் உனக்கு ஏதாவது உறுத்துகிறதா?" காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு என்னை விசித்திரமாகப் பார்த்தான். உடம்பு சரியில்லையா என்றான். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நான் போன் பண்ணும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று மட்டும்தான் கேட்கிறீர்கள் அம்மா. வேறு எதுவுமே கேட்பதில்லை."

சரி, இனி கேட்கிறேன் என்றேன். செவ்வாய் இரவு அவன் அழைத்தான். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவனும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டேன் அம்மா" என்றான்.