வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம், தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம், இராதாபுரம் வட்டத்திலுள்ள வடக்கன்குளம் என்ற ஊரில் அமைந்துள்ள கத்தோலிக்கப் பங்குக் கோவிலாகும். இது தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. தேவசகாயத்தின் திருமுழுக்கினாலும், கோவிலுக்குள் எழுப்பப்பட்ட சாதிச் சுவரினாலும் இவ்வூர் வரலாற்றில் இடம்பெறுகிறது.

எல்லை ஊர்

ஊருக்கு மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது. அதற்கு அப்பாலுள்ள பகுதி முன்னர் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்த பின்னர், பழைய நாட்டெல்லை மாவட்ட எல்லையாயிற்று.

17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு கிறித்தவர்கள் இருந்தனர். இயேசு சபைக் குருக்கள் இவ்வூரில் பணியாற்றினர்.

தேவசகாயம்

திருவிதாங்கூர் அரசுப் பணியாளரான நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் (1741) சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைத்தலைவரான டி லனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். அரண்மனைப் பணியாளர் ஒருவர் அந்நாட்டிலேயே மதம் மாறுவது ஆபத்தானது. எனவே டி லனாய் அவரை எல்லைக்கு இப்பாலிருந்த வடக்கன்குளத்திற்கு, பாதிரியார் புத்தாரியிடம் அனுப்பினார். 1745 மே 14 அன்று 'லாசர்' என்பதன் தமிழ் வடிவமான 'தேவசகாயம்' என்ற பெயரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய மனைவி பார்கவியும் இவ்வூரிலேயே திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

எனினும் எல்லை அவரைக் காக்கவில்லை. 1749இல் சிறைப்பிடிக்கப்பட்ட தேவசகாயம், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஞானப்பூ வடக்கன்குளத்திற்கு வந்து வாழ்ந்து இங்கேயே இறந்தார்.

சாதிச் சுவர்

1872இல் கட்டி முடிக்கப்பட்ட கோவிலின் அமைப்பு விந்தையானது. பொதுவான ஒரு பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப் போல் பிரிந்து சென்றன. ஒன்று வெள்ளாளருக்கும் மற்றொன்று நாடார் முதலிய பிற சாதியினருக்கும் உரியது. இரு கூடங்களிலிருந்தும் பீடத்தைக் காணலாம். ஆனால் ஒரு கூடத்தினர் மற்றவரைக் காண இயலாது. பூசலைத் தவிர்க்கக் கண்ட வழி இது எனலாம். ஆனால் அது பூசலைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் நிலைநிறுத்தியது.

1910இல் பங்குக் குரு கோசானல் தடுப்பை இடித்தார். தனியிடம் தங்கள் உரிமை எனக் கூறி வெள்ளாளர் தரப்பினர் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

தேவசகாயத்தின் பெயருடன் வழங்கிவந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வத்திக்கான் 2020இல் நீக்கியது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தபோது 'தேவசகாயம்' என்ற பெயரே பயன்படுத்தப்பட்டது.