சட்டைப்பை மின்சூளின் ஆயுள்

பொருளொன்றின் ஆயுளை அதன் வலிய உறுப்பைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. மெலிந்த உறுப்பைக் கொண்டே அளத்தல் வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் மின்சூள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் உறையில் ‘50,000 மணி நேரம்’ எனப் பொறித்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். இடையறாது எரியின் இஃது ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலமாகும். எனினும், இரண்டொரு ஆண்டுகளிலேயே ஒளியிழந்து மேசை இழுப்பறையிற் கிடக்கும் மின்சூள்கள் பல. இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது?

1899 இல் ஐக்கிய அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பார் குழல் வடிவான மின்சூளுக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலந் தொட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரை மின்குமிழே அதன் மெலிந்த உறுப்பாயிருந்தது. குமிழின் நுண்ணிய இழை சூடேறி ஒளிர்ந்தது, அச்சூட்டினாலேயே தேய்ந்தது, கீழே விழின் அறுந்தது. 1984 இல் வெளிவந்த மினி மக்லைற் என்னும் சிறு மின்சூளின் அடிமூடியினுள் மாற்றுக்குமிழ் ஒன்று வைக்கப்பட்டிருந்தமை, இக்குறையை ஆக்கியோரும் நன்கறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

ஒளிகாலும் இருவாயி இந்நிலையை மாற்றியது. 1962 இல் நிக் ஹொலொனியாக் செந்நிற ஒளி தரும் இருவாயியை ஆக்கினார். நீல ஒளி தரும் இருவாயியை ஆக்கியமைக்காக அக்கசாக்கி, அமானோ, நக்கமுரா ஆகிய மூவரும் 2014 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சினாலேயே மின்சூளின் வெண்ணொளி கிடைக்கின்றது. இதில் அறுவதற்கு இழை இல்லை. இது திடீரென அணைவதிலும் மெல்ல மெல்ல மங்குதலே பெரும்பான்மை. 50,000 மணி நேரம் என்பதும் பொதுவாக, தக்க வெப்பநிலையில் ஒளி தொடக்க அளவின் 70 சதவீதமாகக் குறையும் வரையுள்ள காலமாகும். அஃது இருவாயியின் ஆயுளேயன்றி மின்சூளின் ஆயுளன்று.

இருவாயிக்கும் பகையுண்டு; அது வெப்பமாகும். இழைக்குமிழ் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிர்களாக முன்னோக்கி வீசியது. இருவாயியின் வெப்பமோ அதன் அடிப்புறமாகவே வெளியேறல் வேண்டும். அலுமினிய உடல் அவ்வெப்பத்தைக் கடத்திக் காற்றிற் சேர்க்கும்; பிளாத்திக்கு உடல் தேக்கி வைக்கும். மலிவான சிலவற்றில், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடையியுமின்றி இருவாயிகள் நேரே மின்கலங்களுடன் இணைக்கப்படுகின்றன. அளவிறந்த ஓட்டத்தால் அவை விரைவில் மங்குகின்றன.

எனினும், மின்சூளின் பெரும்பகை அதன் வயிற்றினுள்ளேயே உறைகின்றது. காரமின்கலத்தில் உள்ள நாகம் மெல்ல அரிப்புற்று ஐதரசன் வாயுவை வெளிவிடும். அழுக்கம் மிகும்போது மின்கலத்தின் அடைப்பு இடங்கொடுக்க, பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசல் கசியும். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து வெண்ணிறப் படிவாகும். சுருள்வில்லையும் தொடுகைகளையும் அரிக்கும். குழலினுள் மின்கலம் இறுகிவிடுதலும் உண்டு.

ஈண்டு ஒரு விந்தை கருதற்பாலது. பழைய குமிழ் மின்கலத்தைச் சில மணி நேரத்தில் வறிதாக்கியது. ஆதலின் மின்கலம் அடிக்கடி மாற்றப்பட்டது. இருவாயி சிக்கனமானது, ஆதலின் மின்கலம் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்து முதுமையடைகின்றது. மேலும், உவோற்றளவை உயர்த்தும் சுற்றுடைய மின்சூள் நலிந்த மின்கலத்தினின்றும் இறுதிவரை ஓட்டத்தை இழுக்கும். தொடராக இணைந்த கலங்களுள் ஒன்று முந்தி வறிதாயின், ஏனையவை அதனூடாக ஓட்டத்தைச் செலுத்தி அதன் முனைவுகளை மாறச் செய்யும்; கசிவு அதனால் விரைவுபடும். ஒளியின் சிக்கனமே உடலின் அழிவுக்கு ஏதுவாதல் இவ்வாறாம்.

2009 இல் வெளிவந்த எவ். எல். 1 என்னும் அமெரிக்க நியமம் மின்சூளைக் கொங்கிறீற்றுத் தரையில் விழுத்தியும் நீரிற் சோதித்தும் அளவிடும் முறைகளை வகுத்தது. எரியும் காலத்தை, ஒளி தொடக்க அளவின் பத்திலொரு பங்காகும் வரை அது கணிக்கின்றது. இவை புதிய மின்சூளின் வன்மையைக் காட்டுவன. பல்லாண்டு கழிந்தபின் மின்கலம் அதனுள் யாது செய்யும் என்பதைக் காட்டுவனவல்ல. அப்பொறுப்பு உடையவரையே சார்ந்தது.

அதனை நிறைவேற்றல் அரிதன்று. நெடுநாள் பயன்படாத மின்சூளின் மின்கலங்களை வெளியே எடுத்து வைத்தல் வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்திடல் ஆகாது. இடருக்கெனவே ஒதுக்கி வைக்கப்படும் மின்சூளுக்கு, கசிவு மிக அரிதான 1.5 உவோற்று இலிதியக் கலம் தக்கது. காரம் கசிந்திருப்பின், மின்கலத்தை அகற்றி, வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தோய்ந்த பஞ்சினால் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து நன்கு உலர்த்துதல் வேண்டும். இறந்ததெனக் கருதி எறியப்படும் மின்சூள்கள் பலவற்றில் இருவாயி பழுதின்றியே இருக்கும். அழுக்கேறிய தொடுகையே ஒளியைத் தடுத்து நிற்கும்.

2022 இல் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்டபோது, இழுப்பறை மின்சூளின் அருமை வீடுதோறும் உணரப்பட்டது. இருள் முன்னறிவித்து வருவதன்று. அவ்வேளையில் உதவுவது உறையிற் பொறித்த எண்ணன்று. ஒளியுள்ள நாளிற் செய்துவைத்த பேணுதலேயாகும்.