இதய அடைப்பில் கிருமி: ஆன்டிபயாட்டிக் மாத்திரை தீர்வாகுமா?



அத்தாவுக்கு ஆஞ்சியோ எடுத்து, இதய ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொல்கிறார். மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "அடைப்புக்குள் கிருமி இருக்கிறது, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் போதும்." இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி ஆபத்து.

மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில், கிளமிடியா நிமோனியே என்ற கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் அதிகம் இருப்பதை 1988இல் பின்லாந்து ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பிறகு அடைப்புப் படிவத்திலேயே அக்கிருமி கண்டறியப்பட்டது. நம் திருமுல்லைவாயிலிலிருந்து அதிகத் தூரமில்லாத மதுரவாயலில் உள்ள மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும், பைபாஸ் நோயாளிகளின் அடைப்பில் ஈறு நோய்க் கிருமிகளின் டிஎன்ஏ இருப்பதை 2009இல் வெளியிட்டனர். ஆனால் டிஎன்ஏ கிடைத்ததால் மட்டும் கிருமி உயிரோடு இருக்கிறது என்றோ, அடைப்புக்கு அதுவே காரணம் என்றோ ஆகிவிடாது.

ஆய்வகத்தில் வளர்த்த கிளமிடியாவை அசித்ரோமைசின் அடக்குகிறது. உடலில் கதை வேறு. அது நம் செல்களுக்குள்ளேயே பதுங்கி, பெருகாமல் உறங்கும் நிலைக்குப் போய்விடும். பெருகும் கிருமியைத் தாக்கும் மருந்து, உறங்கும் கிருமியிடம் தோற்கிறது.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். அமெரிக்காவில் சுமார் 4,000 இதய நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு ஓராண்டு, வாரம் ஒருமுறை அசித்ரோமைசின் கொடுத்தனர். மாரடைப்பு குறையவில்லை என்று 2005இல் முடிவு வந்தது. டென்மார்க்கில் இரண்டு வாரம் கிளாரித்ரோமைசின் சாப்பிட்ட இதய நோயாளிகளிடம், பின்னாளில் இறப்பு கூடுதலாக இருந்தது. இதய நோயாளிகளுக்கு அதைக் கொடுப்பதில் எச்சரிக்கை தேவை என்று அமெரிக்க மருந்துத் துறை 2018இல் அறிவித்தது. சில கொழுப்பு மாத்திரைகளோடு அது சேர்ந்தால் தசைகளும் பாதிக்கப்படலாம்.

எனவே, மருந்துக் கடையில் நாமே கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். வேறு நோய்க்காக டாக்டர் எழுதினால், இதய நோய் இருப்பதையும் சாப்பிடும் மாத்திரைகளையும் அவரிடம் சொல்லுங்கள். கொழுப்பு, பிரஷர், சுகர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். புகையை விடுங்கள்.

ஈறில் ரத்தம் வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். மிஸ்வாக் செய்வது நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய சுன்னத். அது அடைப்பைக் கரைக்கும் மருந்தல்ல. ஆனால் வாயைச் சுத்தமாக வைக்கும் நல்ல பழக்கம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.