குதிரைப்படை அதிகாரி எழுதிய அகராதி

பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி சார்லஸ் தெ ஃபூக்கோ 1882இல் பதவியைத் துறந்தார். யூத ரபி வேடத்தில் மொராக்கோவைச் சுற்றியபோது, யார் கண்ணிலும் படாமல், உள்ளங்கையில் மறையும் குறிப்பேட்டில் துண்டுப் பென்சிலால் வழியெல்லாம் எழுதினார். 1901இல் கத்தோலிக்கக் குருவானார். பின்னர் சகாராவில் துவாரெக் மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்தார். 1916இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அகராதி 1951–52இல்தான் நான்கு தொகுதிகளாக அச்சேறியது. அவர் விட்டுச்சென்றவற்றில் இதுவே பெரும் செல்வம்.

2022 மே 15 அன்று வத்திக்கானில் ஃபூக்கோவோடு புனிதர் பட்டம் பெற்றவர் நம் நட்டாலம் தேவசகாயம். அவருக்குக் கிறிஸ்துவை அறிமுகம் செய்தவரும் ஒரு படை அதிகாரியே: டச்சுப் படையிலிருந்து வந்த தெ லனாய்.

ஃபூக்கோவின் எழுத்து காக்கப்பட்டதால்தான் அகராதி பின்னாளில் அச்சேறியது. அதுபோல, மேரு, கிள்ளான் அன்பர்களே, தாத்தா பாட்டி காலத்து ஞானஸ்நானச் சான்றிதழோ கடிதமோ வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பத்திரப்படுத்துங்கள்.