இங்கிலாந்தில் ஒரு கால்பந்து மேனேஜர் எத்தனை நாள் தாங்குவார்?

கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கிளப்புக்கு 1902 முதல் 1989 வரை, 87 ஆண்டுகளில், ஐந்தே மேனேஜர்கள். சிட் கிங், சார்லி பேய்ன்டர், டெட் ஃபென்டன், ரான் கிரீன்வுட், ஜான் லயல். இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. மேனேஜர் மாறியது நான்கே முறை. லண்டனுக்குச் சற்று வடக்கே இருக்கும் வாட்ஃபோர்ட் கிளப்பை 2012-ல் இத்தாலியின் போஸோ குடும்பம் வாங்கியது. அதற்குப் பிறகு அங்கே நடந்த மேனேஜர் நியமனங்கள் இருபதைத் தாண்டிவிட்டன. 2014-15 சீசனில் மட்டும் நான்கு பேர். அவர்களில் பில்லி மெக்கின்லே இருந்தது எட்டே நாள், இரண்டே ஆட்டம். வேடிக்கை என்னவென்றால், அந்த சீசனில்தான் வாட்ஃபோர்ட் பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது.

ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருவது, களமிறங்கும் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்பது, வியூகம் வகுப்பது, ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்வது, இவ்வளவும் மேனேஜர் வேலை. பிரீமியர் லீக்கில் 20 கிளப்புகள், அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72. ஆக நாட்டிலேயே 92 முன்னணி நாற்காலிகள். இவற்றிலிருந்து நீக்கப்படுபவர்கள் சராசரியாக எத்தனை நாள் இருந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பல ஆண்டுகளாகவே அது ஒன்றரை ஆண்டை ஒட்டித்தான் நிற்கிறது. இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில் அது ஓர் ஆண்டைக்கூடத் தொடாத சீசன்கள் உண்டு.

ஆனால் இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். நீக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் ஒரு விடை. தானாக விலகியவர்கள், பெரிய கிளப் அழைத்துப் போனவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரையும் சேர்த்தால் வேறு விடை. இன்றைக்குப் பதவியில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்தி, வந்து எத்தனை காலமாயிற்று என்று கேட்டால் மூன்றாவது விடை.

இரண்டே கிளப்புகளை வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் பத்து ஆண்டுக்கும் ஒரே மேனேஜர். இன்னொன்றில் ஆண்டுக்கு ஒருவர் வீதம் பத்து பேர். கிளப் வாரியாகப் பார்த்தால் ஒருபக்கம் 10 ஆண்டு, மறுபக்கம் 1 ஆண்டு, சராசரி ஐந்தரை. ஆள் வாரியாகப் பார்த்தால் 11 பேர் 20 ஆண்டுகளைப் பங்கு போட்டிருக்கிறார்கள், சராசரி 1.8. இரண்டு கணக்கும் சரியே. ஆனால் இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று யோசிக்கும் இளைஞர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். பதினொரு பேரில் பத்து பேருக்குக் கிடைத்தது ஓர் ஆண்டுதான்.

2013 கோடையில் நடந்ததும் இதே சங்கதி. மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 நவம்பரிலிருந்து இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். எவர்ட்டனில் 11 ஆண்டு இருந்த டேவிட் மோய்ஸ் அவர் இடத்துக்குப் போனார். ஸ்டோக் சிட்டியில் ஏழு ஆண்டு இருந்த டோனி புலிஸும் விலகினார். மூவர் கணக்கையும் கூட்டினால் ஏறக்குறைய 44 ஆண்டு. அந்த மூன்று நாற்காலிகளிலும் புது ஆள் உட்கார்ந்த அன்று கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 44-ஐ 20 கிளப்புகளுக்கு வகுத்தால் 2.2. அதாவது, எந்த முதலாளியின் பொறுமையும் இம்மி குறையாமலே, பதவியில் இருப்போரின் சராசரி ஒரே கோடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் சரிந்துவிட்டது. அர்சனலில் 1996 முதல் 2018 வரை இருந்த ஆர்சென் வெங்கர் மட்டும் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்தச் சராசரியைத் தனியாளாகத் தூக்கிப் பிடித்தார்.

இப்படிச் சொன்னதால், ஆயுள் குறைந்ததே பொய் என்று ஆகிவிடாது. குறைந்தது உண்மை. காரணம் தெரிய வேண்டுமானால் பழைய மேனேஜர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் ஃப்ரெட் எவரிஸ் 1902 முதல் 1948 வரை 46 ஆண்டு பதவியில் இருந்தார். அவர் செயலர், மேனேஜர் இரண்டும். அணியைத் தேர்ந்தெடுத்ததோ கிளப்பின் இயக்குநர்கள். தோற்றால் யாரை நீக்குவது? இயக்குநர்கள் தங்களைத் தாங்களே நீக்கிக்கொள்ளப் போவதில்லை. 1925-ல் அர்சனலுக்கு வந்த ஹெர்பர்ட் சாப்மன் போன்றவர்கள் அணித் தேர்வையும் வியூகத்தையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து தேசிய அணியை ஒரு குழுதான் தேர்ந்தெடுத்துவந்தது. நானே தேர்ந்தெடுப்பேன் என்று நிபந்தனை போட்டுத்தான் ஆல்ஃப் ராம்ஸி 1963-ல் பொறுப்பேற்றார். 1966-ல் உலகக் கோப்பையும் வந்தது. வெற்றிக்குப் பெயர் மேனேஜருக்கு என்றான பிறகு தோல்விக்கும் அவரே பொறுப்பு என்றாகிவிட்டது.

இப்போது காற்று மறுபடி திசைமாறியிருக்கிறது. எந்த ஆட்டக்காரரை வாங்குவது, விற்பது என்பதைப் பல கிளப்புகளில் விளையாட்டு இயக்குநரும் தரவு ஆய்வாளர்களும் முடிவு செய்கிறார்கள். மேனேஜரின் அதிகாரம் சுருங்கிவிட்டது. பழி மட்டும் சுருங்கவில்லை. சாப்மன் காலத்து அதிகாரமும் இல்லை, எவரிஸ் காலத்து நிம்மதியும் இல்லை. என் பார்வையில், இன்றைய மேனேஜரின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பிறகு, பணம். பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் கிளப்புக்குக்கூட லீக்கின் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து 10 கோடி பவுண்டுக்கு மேல் கிடைக்கிறது. கடைசி மூன்று இடங்களுக்குள் போனால் கீழ் டிவிஷனுக்கு இறக்கம். விழுந்தவர்களுக்குச் சில ஆண்டு ஆறுதல் தொகை உண்டு என்றாலும், வருமானம் பள்ளத்தில் விழும். சம்பளச் சுமையோ அந்த அளவுக்குக் குறையாது. இந்தப் பயம் பிடித்த முதலாளி நவம்பரில் என்ன செய்ய முடியும்? 2002-03 முதல் ஆட்டக்காரர்களைக் கோடையிலும் ஜனவரியிலும் மட்டுமே வாங்கலாம் என்று விதி. இருபத்தைந்து ஆட்டக்காரர்களை நடுவில் மாற்ற வழியில்லை. ரசிகர்களை மாற்ற முடியாது. தன்னைத்தானே மாற்றிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. எந்தத் தேதியிலும் மாற்றக்கூடிய ஒரே ஆள் மேனேஜர். அதனால்தான் இலையுதிர் காலம் பிறந்ததும் கல்தா கொடுப்பது தொடங்கிவிடுகிறது. தலைவர் வெளியே வந்து மேனேஜர்மீது எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று அறிக்கை விட்டால், பெட்டியைக் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று ரசிகர்கள் சிரிப்பது அங்கே வழக்கம்.

மாற்றினால் பலன் உண்டா? முதலாளிகள் மனதில் நிற்பது லெஸ்டர் சிட்டி மாதிரியான கதைகள். 2016-ல் யாரும் எதிர்பாராமல் லீக் பட்டம் வென்ற அந்த அணி, அடுத்த சீசனில் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களில் தோற்றது. பட்டம் வாங்கித் தந்த கிளாடியோ ரனியேரியை 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். அதே ஆட்டக்காரர்கள் அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார்கள். ரனியேரிக்கு நடந்தது நன்றிகெட்ட செயல் என்று கொதித்தவர்களுக்குக்கூட அந்த ஐந்து வெற்றிகளுக்குப் பதில் இல்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அக்டோபரில், அணி மறுபடி சரிந்திருந்தபோது, ஷேக்ஸ்பியரும் நீக்கப்பட்டார்.

இதைப் பொறுமையாக அளந்து பார்த்தவர் பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர். டச்சு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான சீசன்களை எடுத்துக்கொண்டார். சரிவு வந்ததும் மேனேஜரை நீக்கிய கிளப்புகள் ஒருபக்கம். அதே அளவு சரிவு வந்தும் நீக்காமல் விட்ட கிளப்புகள் மறுபக்கம். நீக்கிய அணிகள் மீண்டன என்பது உண்மை. நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் மீண்டன. ஒரு அணி தன் தரத்துக்குக் கீழே சில வாரம் ஆடினால், அடுத்த சில வாரங்களில் தன் இயல்பான இடத்துக்குத் திரும்பிவிடும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது மந்திரித்த கயிறு கட்டுவார்கள். மறுநாள் தானாக இறங்கும் காய்ச்சலுக்குக் கயிறு பெயர் வாங்கும். புது மேனேஜர் பெரும்பாலும் அந்தக் கயிறுதான். லீக்கில் ஓர் அணி எங்கே முடிக்கும் என்பதை, நீண்டகாலக் கணக்கில், கிளப் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளமே பெருமளவு தீர்மானிக்கிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

அதற்காக, நீக்குவது எப்போதும் முட்டாள்தனம் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. சண்டர்லேண்ட் கிளப்பைப் பாருங்கள். 2012-13 முதல் 2015-16 வரை நான்கு சீசன்களிலும் சீசன் நடக்கும்போதே மேனேஜர் மாறினார். நான்கு முறையும் அணி இறக்கத்திலிருந்து தப்பியது. 2016-17-ல் டேவிட் மோய்ஸை ஆகஸ்டிலிருந்து மே வரை பொறுமையாக வைத்திருந்தார்கள். கடைசி இடம். அடுத்த ஆண்டு இன்னும் ஒரு டிவிஷன் கீழே. சராசரிகள் எதைச் சொன்னாலும், சண்டர்லேண்ட் ரசிகரிடம் போய்ப் பொறுமையின் பெருமையைப் பேசுவது கஷ்டம்.

கோப்பை வாங்கினால் வேலை நிலைக்கும் என்பதும் இல்லை. ரொபெர்த்தோ மான்சினி மான்செஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தது 2012 மே 13. நீக்கப்பட்டது 2013 மே 13. செல்சிக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைக் கொண்டுவந்த ரொபெர்த்தோ டி மத்தேயோ ஆறு மாதம் தாண்டினார், அவ்வளவுதான். மான்செஸ்டர் யுனைடெட் 2016-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாள் லூயி வான் காலை அனுப்பியது. ஆஞ்ஜ் போஸ்டகோக்லு 2025 மே மாதம் டாட்டன்ஹாமுக்கு ஐரோப்பா லீக் கோப்பையை வாங்கித் தந்தார். ஜூன் முதல் வாரத்தில் வேலை போனது. செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை எடுத்துக்கொண்டது. எட்டு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அக்டோபர் 18 அன்று செல்சியிடம் தோற்ற ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. பொறுப்பேற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பிறகு யார்தான் நிலைக்கிறார்கள்? ஃபெர்குசனை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள்: முதல் கோப்பை வர மூன்றரை ஆண்டு ஆனது, காத்திருந்தார்கள், பிறகு 13 லீக் பட்டம் வந்தது என்று. அதில் ஒரு கோளாறு உண்டு. காத்திருந்தும் எதுவும் வராத கிளப்புகளின் பெயர் நமக்கு நினைவில் இருப்பதில்லை. எனக்கு அவரைவிட நல்ல உதாரணமாகப் படுவது பர்ன்லி. ஷான் டைஷ் 2014-ல் அந்தச் சிறிய ஊர் அணியைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனார்; 2015-ல் இறங்கினார்கள். நிர்வாகம் அவரை நீக்கவில்லை. எங்கள் பணத்துக்கு இதுதான் முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2016-ல் சாம்பியன்ஷிப் பட்டத்தோடு திரும்பி வந்தார்கள். டைஷ் அங்கே ஒன்பதரை ஆண்டு இருந்தார்.

இன்னும் பாதுகாப்பான ஏற்பாடு ஹாரோகேட் டவுன் கிளப்பில். சைமன் வீவர் 2009-ல் மேனேஜர் ஆனார். 2011-ல் கிளப் தலைவராக வந்தவர் அவருடைய அப்பா. மகன் அந்த நம்பிக்கையை வீணாக்கவில்லை. 2020-ல் கிளப்பை வரலாற்றில் முதல் தடவையாக அந்த 92 கிளப்புகளின் பட்டியலுக்குள் கொண்டுவந்தார்.

நீக்கப்படுபவர்கள் கதியென்ன என்று பரிதாபப்படுமுன் எந்த டிவிஷன் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒப்பந்தத்தின் மிச்சக் காலத்துக்குக் கிளப் ஈட்டுத்தொகை தர வேண்டும். 2018-ல் அந்தோனியோ கொன்தேயையும் அவருடைய உதவியாளர்களையும் நீக்கியதில் செல்சிக்கு ஆன செலவு, சட்டச் செலவு உட்பட, 2.66 கோடி பவுண்டு. இது கிளப்பின் கணக்கறிக்கையிலேயே வந்தது. அப்படிப்பட்டவர்கள் சில மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேறு கிளப்பில் தலைகாட்டுவார்கள். வாட்ஃபோர்ட் 2022-ல் பதினொரே ஆட்டங்களில் நீக்கிய ராப் எட்வர்ட்ஸைப் பரம எதிரியான லூட்டன் டவுன் எடுத்துக்கொண்டது; அந்த சீசன் முடிவிலேயே அவர் லூட்டனைப் பிரீமியர் லீக்குக்கு உயர்த்தினார்.

மூன்றாம், நான்காம் டிவிஷனில் முதல்முறை மேனேஜர் ஆனவருக்கு இந்த வசதி இல்லை. பெரும்பாலும் குறுகிய ஒப்பந்தம், சில மாதச் சம்பளம், அதோடு சரி. 1992-ல் தொடங்கிய மேனேஜர்கள் சங்கம் ஒப்பந்தப் பேச்சு, சட்ட உதவி, மறுபயிற்சி என்று இவர்களுக்குத் துணை நிற்கிறது. இருந்தும், முதல் வேலையில் நீக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இன்னொரு கிளப்பின் மேனேஜர் வேலை கிடைப்பதே இல்லை. அவர்களில் பலருக்கு அந்த ஒரே வாய்ப்பு ஒரு சீசன்கூட நீண்டிருக்காது.