கருத்தடை: பெண்ணின் உரிமையா, கடமையா?

குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாக 1952-இல் முதன்முதலில் ஏற்ற நாடு இந்தியா. அது தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்த நிலையில் யாருடைய உடல் அதன் சுமையைத் தாங்குகிறது என்ற கேள்விக்கு ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) விடை தருகிறது. மணமான பெண்களில் 37.9% பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அந்தச் சிகிச்சையைக் கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ வெறும் 0.3%. சமூக நீதியில் முன்னோடி என்று நாம் பெருமைகொள்ளும் தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை சிகிச்சைக்கு உள்ளானவர்கள்.

மருத்துவ நோக்கில் இதற்கு நியாயம் ஏதுமில்லை. பெண்ணுக்குக் கருக்குழாயை அடைக்க வயிற்றைத் திறக்கவோ, துளையிட்டு உட்செல்லவோ வேண்டும். ஆணுக்கோ, உணர்விழப்பு மருந்தை அந்த இடத்தில் மட்டும் செலுத்திச் சிறு துளையின் வழியே விந்துக்குழாயைத் துண்டித்தால் போதும். அன்றே வீடு திரும்பலாம். ஏறக்குறைய மூன்று மாதங்கள் மாற்றுப் பாதுகாப்புடன் இருந்து, விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. ஹார்மோன் சுரப்பு மாறுவதில்லை. எனவே ஆண்மை குறையும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57% பேர் ரத்தசோகை உடையவர்கள் என்று அதே கணக்கெடுப்பு கூறுகிறது. எளிய சிகிச்சை இருக்க, கடினமானதையே நலிந்த உடலின்மீது சுமத்தி வந்திருக்கிறோம்.

இது நம் மரபின் தவிர்க்க முடியாத விளைவு என்பாரும் உண்டு. வரலாறு அதை ஏற்கவில்லை. 1950-களிலேயே ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சையை ஊக்கத்தொகை கொடுத்து வளர்த்தது சென்னை மாநில அரசு. 1971-இல் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் அச்சிகிச்சையைப் பெற்றனர். திசை மாறியது நெருக்கடிநிலையின்போதுதான். 1976-77-இல் நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அவற்றில் கட்டாயத்தின் பேரில் நடந்தவை ஏராளம். 1977 தேர்தலில் மக்கள் அளித்த தீர்ப்புக்குப் பின், ஆண்களை அணுகவே அரசுகள் அஞ்சின. இலக்குகள் மறையவில்லை, எதிர்த்துக் குரல் எழுப்ப இயலாத பெண்களை நோக்கித் திரும்பின. வற்புறுத்தல் தவறு என்பதே கற்றிருக்க வேண்டிய பாடம். ஆண்களை வற்புறுத்தக் கூடாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம்.

அதன் விலையை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் காட்டியது. பயன்பாட்டில் இல்லாத மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், சில மணி நேரத்தில், ஒரே மருத்துவர் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அந்நாள்களில் அம்மாவட்டத்தில் நடந்த முகாம்களைத் தொடர்ந்து 13 பெண்கள் உயிரிழந்தனர். முகாம் முறையை மூன்றாண்டுகளுக்குள் கைவிடச் செய்யுமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

உலக அரங்கிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. 1994-இல் கெய்ரோவில் கூடிய 179 நாடுகள், மக்கள்தொகை என்னும் எண்ணைக் காட்டிலும் பெண்ணின் உரிமையே முதன்மையானது என்று ஏற்றன. ஆண்களின் பொறுப்பு குறித்தும் அந்தச் செயல்திட்டத்தில் தனிப் பகுதி இடம்பெற்றது. ஆனால், அளவுகோல்கள் அந்த உணர்வைப் பின்பற்றவில்லை. 2012 லண்டன் மாநாடு, 2020-க்குள் மேலும் 12 கோடிப் பெண்களுக்குக் கருத்தடை வசதி என்று இலக்கு வகுத்தது. நீடித்த வளர்ச்சி இலக்குகளின் குறியீடும், நவீன முறைகளால் தேவை நிறைவேறிய பெண்களின் விகிதத்தையே கணக்கிடுகிறது. கருத்தரிப்பதைத் தள்ளிப்போடும் ஆற்றல் பெண்ணின் கையில் இருப்பது அவளது கல்விக்கும் உயிருக்கும் அரண். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், கணக்கில் ஆணுக்கு இடமில்லாதபோது திட்டத்திலும் அவனுக்கு இடமிருக்காது. உரிமை என்று தொடங்கியது மெல்லக் கடமையாக உருமாறுகிறது.

மாற்றம் இயலாததன்று. பூடானிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் இச்சிகிச்சையைப் பெண்களைவிட ஆண்களே அதிகம் செய்துகொள்கின்றனர். இங்கு ஆண்களுக்கு வழங்கும் ஊக்கத்தொகை பெண்களுக்கானதைவிடக் கூடுதலாக இருந்தும் பயன் கிட்டவில்லை. கருத்தடை பெண்ணின் வேலை. அதற்காக ஆண் கவலைப்படத் தேவையில்லை என்று மூன்றில் ஓர் ஆண் கருதும் நாட்டில், பணம் மட்டும் மனத்தை மாற்றாது.

நான் முன்வைப்பது மூன்று. கருவுற்ற பெண் பரிசோதனைக்கு வரும்போதே கணவருக்கும் ஆலோசனை வழங்க வேண்டும். ஆண் சுகாதாரப் பணியாளர்களிடம் இப்பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். தற்போது அது பெண் பணியாளர்களின் தோளிலேயே விழுகிறது. ஒவ்வொரு மாவட்டத்தின் ஆண்டறிக்கையிலும் இருபாலரின் எண்ணிக்கையையும் அருகருகே வெளியிட வேண்டும். யாரையும் எவரும் வற்புறுத்தாமலே இவற்றைச் செய்யலாம்.

பிள்ளைப்பேற்றின் வலியைப் பகிர்ந்துகொள்ள இயற்கை ஆணுக்கு வழி வைக்கவில்லை. அதற்குப் பிந்தைய பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள மருத்துவம் வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் ஆயிரத்தில் மூவர் மட்டுமே நடப்பதைப் பாலினச் சமத்துவம் பேசும் ஓர் அரசு இனியும் பொருட்படுத்தாமல் இருக்கலாகாது.