ரயில் வராத ஊர்

காட்டோரம், கல்லோரம் – 9

சென்ற வாரம் ப்ளூமிங்டனில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. வழியில் பெட்ஃபோர்டு. அந்த வட்டாரமே சுண்ணாம்புக்கல்தான். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குப் போர்த்திய கல் இங்கே தோண்டிய குழியிலிருந்து போனது. அந்தக் கல் தண்ணீரில் கரையும். ஆயிரமாயிரம் ஆண்டுகள் மழை இறங்கி இறங்கி, நிலத்துக்கு அடியில் எலி வளை போலக் குகைகள் ஓடுகின்றன. இந்த வாரம் நான் சொல்லப்போவதில் பாதிக்கு அந்தப் பொந்துகள்தான் காரணம்.

நாங்கள் போனது இண்டியானா மாநிலத்தின் ஸ்பிரிங் மில் பூங்காவுக்கு. பூங்கா என்றதும் புல்தரையும் ஊஞ்சலும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். சுமார் 1,300 ஏக்கர் காடு.

"மாமா, வாசல்லயே விண்கலம் இருக்கு. பார்த்துட்டுப் போயிடலாமா?" என்றான் வண்டி ஓட்டி வந்த தங்கை மகன்.

"அது எங்கடா ஓடிப்போகப் போகுது? முதல்ல காட்டைப் பார்ப்போம்" என்றேன்.

காட்டில் விண்கலம் எதற்கு? வருகிறேன்.

டொனால்ட்சன் காடு 67 ஏக்கர்தான். இண்டியானாவின் பழைய காட்டை விளைநிலத்துக்காகவும் பலகைக்காகவும் ஏறக்குறைய முழுவதும் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். கோடரிக்குத் தப்பிய சில துண்டுகளில் இது ஒன்று. வெள்ளை ஓக், பீச், டூலிப் மரம். டூலிப் மரத்தின் முதல் கிளையைப் பார்க்கவே கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்க வேண்டியிருக்கிறது. விழுந்த மரத்தையும் யாரும் அகற்றுவதில்லை. கிடந்த இடத்திலேயே மக்கி, மேலே பாசி படர்ந்து, அதிலிருந்து கன்று முளைக்கிறது. ஒரு மணி நேர நடையில் எதிரே வந்தவர்கள் இரண்டே பேர். தலையசைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பேச மனம் வரவில்லை போலிருக்கிறது.

இந்தக் காடு தப்பியதற்கு ஜார்ஜ் டொனால்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில் இங்கே நிலம் வாங்கியவர். வாங்கியவர் உழவில்லை, மரத்தை விற்கவில்லை, துப்பாக்கியோடு வந்தவர்களையும் உள்ளே விடவில்லை. பறவைகளைப் பற்றி எழுதிய அலெக்சாண்டர் வில்சனுக்கு, அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். அக்கம்பக்கத்துக்காரர்கள் இவரை ஒரு மாதிரியான ஆசாமி என்றுதான் நினைத்திருப்பார்கள். சுற்றிலும் எல்லாரும் வெட்டி விற்கும்போது ஒருவர் சும்மா இருப்பதற்குப் பிடிவாதம் வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகு நிலம் இண்டியானா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக்கு வந்தது.

வந்ததும் அங்கிருந்த விலங்கியல் பேராசிரியர் கார்ல் ஐகன்மன் குகைக்குள் இறங்கிவிட்டார். அவர் தேடியது கண்ணில்லாத மீன். விரல் நீளம், வெளிறிய உடல். தலையிலும் பக்கங்களிலும் உள்ள நுண்ணிய மேடுகளால் தண்ணீரின் அசைவை உணர்ந்தே அது இரை தேடுகிறது. பெண் மீன் முட்டைகளைச் செவுள் அறைக்குள் வைத்துச் சுமக்கிறது. இவற்றையெல்லாம் ஆராய்ந்து ஐகன்மன் 1909-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். இண்டியானா மீன் தனி இனம் என்று அறிவியல் உலகம் ஒப்புக்கொள்ள மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. 2014-இல்தான் அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது, இண்டியானாக்காரர்களின் செல்லப்பெயரான 'ஹூசியர்' சேர்த்து.

இரட்டைக் குகைக்குள் தட்டைப் படகில் கூட்டிப்போகிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் பார்த்தது ஒரே ஒரு மீன். வழிகாட்டி காட்டியிராவிட்டால் அதையும் சுண்ணாம்புத் துணுக்கு என்று விட்டிருப்பேன்.

குகையில் ஊறும் தண்ணீர் கோடையில் சூடாவதில்லை, குளிர்காலத்தில் உறைவதும் இல்லை. ஆற்றோரத்து ஆலைகள் பனியில் நின்றுபோகும் காலத்திலும் இங்கே சக்கரம் சுற்றும். அதை மோப்பம் பிடித்தவர்கள் 1817-இல் மூன்று மாடிக் கல் கட்டடமாக மாவு மில் ஒன்றை எழுப்பினார்கள். குகைத் தண்ணீர் உயரமான கல்தூண்கள் தாங்கும் மரவாய்க்காலில் வந்து 24 அடிச் சக்கரத்தின் தலையில் விழுகிறது. உள்ளே கல் இன்றும் மக்காச்சோளம் அரைக்கிறது. தரையின் அதிர்வு பாதத்தில் ஏறுகிறது. புது மாவின் இளஞ்சூட்டு வாசனை. நான் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

மில்லைச் சுற்றி ஊர் வளர்ந்தது. சத்திரம், மருந்துக்கடை, சாராயம் காய்ச்சும் கூடம், அஞ்சல் நிலையம். 1850-களில் சின்சினாட்டியிலிருந்து செயிண்ட் லூயிஸுக்கு ரயில் பாதை போட்டார்கள். பாதை மூன்று மைல் தள்ளிப் போனது. அங்கே மிச்செல் என்ற புது ஊர் முளைத்தது. இங்கே கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டின. பாழடைந்த ஊர் ஒரு சிமெண்ட் கம்பெனியின் சொத்தாகிக் கிடந்தது. மாநிலப் பூங்காக்களின் தந்தை என்று சொல்லப்படும் ரிச்சர்ட் லீபர் காலத்தில் கம்பெனி அதை ஒரு டாலருக்கு மாநிலத்துக்குக் கொடுத்தது. பழைய வீடுகளைப் பழுது பார்த்து நிமிர்த்தினார்கள். ரயில் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வந்திருந்தால், மில் இருக்கும் இடத்தில் இன்று ஒரு பெட்ரோல் பங்க் இருந்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ரயில் போன ஊர் என்ன ஆனது? மிச்செலுக்குப் பெயர் கொடுத்தவர் அந்தப் பாதையின் பொறியாளர் ஆர்ம்ஸ்பி மிச்செல். அவர் வானியலாளரும்கூட, சின்சினாட்டி வான் ஆய்வகத்தை நிறுவியவர். அந்தப் பாதையிலேயே பின்னாளில் சிக்னல்காரராக வேலை பார்த்த ஒருவரின் வீட்டில் 1926-இல் ஒரு பையன் பிறந்தான். அவன்தான் விண்வெளி வீரர் கஸ் கிரிஸ்ஸம்.

மாலையில் அந்த விண்கலத்தின் முன் நின்றோம். ஜெமினி 3, 1965 மார்ச் 23. கிரிஸ்ஸமும் ஜான் யங்கும் இதற்குள் உட்கார்ந்து பூமியை மூன்று முறை சுற்றினார்கள். இரண்டு பேர் என்றால் நம்ப முடியவில்லை. நம் ஆட்டோவின் பின்சீட்டு இதைவிடத் தாராளம். யங் திருட்டுத்தனமாகச் சட்டைப்பைக்குள் கொண்டுபோன மாட்டிறைச்சி சாண்ட்விச் நாடாளுமன்றம் வரை பேச்சானது. அதன் நினைவாக இங்கே ஒரு சாண்ட்விச்சைக் கண்ணாடி போன்ற கட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். தங்கை மகன் படம் எடுத்தது இதை மட்டும்தான்.

என் கண் போனது கதவின் மீது. 1961-இல் கிரிஸ்ஸம் முதல் முறை கடலில் இறங்கியபோது கதவு தானாக வெடித்துத் திறந்தது. கலம் மூழ்கியது, அவர் மயிரிழையில் பிழைத்தார். நான் திறக்கவில்லை என்று கடைசி வரை சொன்னார். ஜெமினி 3 கடலில் இறங்கியபோது கதவைத் திறக்க மறுத்து, அலையில் ஆடி வாந்தி எடுத்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். 1967 ஜனவரி 27 அன்று, ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையில் அப்பல்லோ 1 தீப்பிடித்தது. அதன் கதவு உள்பக்கமாகத் திறப்பது. அழுத்தம் ஏறியதால் திறக்கவே முடியவில்லை. அவரோடு எட் வைட்டும் ரோஜர் சாஃபியும் போனார்கள்.

திரும்பும்போது இருவரும் அதிகம் பேசவில்லை. பின்சீட்டில் மக்காச்சோள மாவுப் பை இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் குகைக்குள் 12 டிகிரிதான். குகைப் படகு குளிர்காலத்தில் ஓடாது.

(தொடரும்)